எதிர்வீட்டு வெயில்

டெய்லரம்மாவை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிச் சீருடை தைக்கிறவள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவள் வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. மற்ற நாளில் ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது, பை பிய்ந்தால் ஒட்டுப் போடுவது. வயசு நாற்பத்தொன்று. கழுத்தில் எப்போதும் இன்ச் டேப், உதட்டோரம் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலேயே பேசுவாள், திட்டுவாள், சிரிப்பாள். பார்க்கிற நமக்குத்தான் எங்கே முழுங்கிவிடுவாளோ என்று இருக்கும்.

புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறார். ஏழு நாளில் நாலு நாள் வெளியூர். ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்சிங் சேர வேண்டும் என்று இருந்தாள். அந்தப் படிப்புக்கு முதல் வருஷம் கட்ட வேண்டியது தொண்ணூறாயிரம். அது வங்கியில் தனிப் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் 'பட்டன் காசு'. சட்டைக்குப் பட்டன் வைக்கிற கூலி மட்டும் அதில் போகும். பன்னிரண்டு வருஷத்தில் அதிலிருந்து ஒரு சல்லிக்காசு வெளியே வந்ததில்லை. வேன் இன்ஜின் மக்கர் பண்ணிப் படுத்துக்கொண்ட மாதத்திலும், "பட்டன் காசு மேல யாராச்சும் கை வெச்சீங்க, கத்திரியால நறுக்கிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிற ஆள்தான்.

இதை எதுக்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னாடி நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் அவளை ஊதாரி என்று சொல்லிவிடக் கூடாது. கணக்கில் புலி. கால் மீட்டர் துணி மிச்சம் விழுந்தாலும் அதில் ஒரு கைக்குட்டை தைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளையே அது பிடித்தது.

மேற்கு வரிசையில் ஐந்து வீடுகள். ஒட்டி ஒட்டி, பொதுச் சுவரோடு, ஐந்தும் கிழக்குப் பார்த்து நிற்கும். நடு வீடு டெய்லரம்மாவுடையது. வலது பக்கம் பார்லர்காரி, இடது பக்கம் மாவு மில் வைத்திருக்கிற மில்லுக்காரம்மா, இரண்டு ஓரத்திலும் ஒரு டீச்சரும் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியும். எதிர்ப்பக்கம் கேன்காரர் வீடு. அவரும் நம்மை மாதிரிதான் இருந்தார். மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டு. ஊருக்கு வெளியே அவர் அப்பன் விட்டுப் போன ஒரு முள்ளுக்காடு கிடந்தது. பெரிய ரோடு போட அது வேண்டும் என்று சர்க்காரில் எடுத்துக்கொண்டு, கை கொள்ளாத பணம் கொடுத்துவிட்டார்கள். மனுஷன் ஆறே மாதத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினார். முன்பக்கம் முழுக்க, தலையிலிருந்து கால் வரைக்கும், நீலக் கண்ணாடி. உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே தெரியும். வெளியே நிற்கிற நமக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. எதிர் வரிசை ஐந்து வீடும்தான் அதில் தெரியும்.

கட்டடம் எழும்ப எழும்ப, ஐந்து வீட்டுக்கும் காலை வெயில் போய்விட்டது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சாரம் பிரித்த அன்றைக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் திரும்பி வந்தது.

கிழக்கே இருந்து வந்தது. நாலு மணி சாயங்காலத்தில், கிழக்கே இருந்து. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

டெய்லரம்மா மெஷினில் குனிந்திருந்தாள். வாசப்படியில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்தால், வெளிச்சம் படியேறி உள்ளே வருகிறது. வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், லேசாக நீலம் பாய்ந்த வெளிச்சம். தரையில் மெல்ல மெல்ல நகர்ந்து, மெஷின் காலைத் தொட்டு, அவள் மடியில் ஏறி, பின்சுவரில் போய் நின்றது. தெருவில் லாரி போனால் கண்ணாடி அதிரும். அப்போது சுவரில் அந்த வெளிச்சமும் ஒரு நடுக்கம் நடுங்கும். ஐந்தரைக்கு, யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி, போய்விட்டது. புறங்கையில் மயிர் குத்திட்டு நின்றதை அவளே கவனித்தாள். "ச்சீ, எதிர் வீட்டுக் கண்ணாடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள்.

முதலில் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது. கருநீலத் துணியில் கறுப்பு நூல் போட்டிருக்கிறோமா, நீல நூல் போட்டிருக்கிறோமா என்று கண்ணைச் சுருக்கி சுருக்கிப் பார்த்து வருஷக்கணக்காகத் தலைவலி. இப்போது இழை இழையாகத் தெரிந்தது. "கேன்காரர் நல்லா இருக்கணும், கரண்ட் பில்லு பாதி குறைஞ்சிடும்" என்று மில்லுக்காரம்மாவிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஒரு அம்மா பிள்ளையோடு அளவு கொடுக்க வந்தாள். பிள்ளை வழக்கம்போல் சுவரில் சாய்ந்து நின்றது. அந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். "சுவத்துல ஒட்டாதே, சட்டை அழுக்காயிடும்."

டெய்லரம்மா திரும்பிப் பார்த்தாள். சுவர் பூராவும் ஈரக் கறை. இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, ஆணி பிடுங்கிய ஓட்டைகள், எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து விழுந்த கறுப்பு வட்டங்கள். இருபது வருஷமாக அந்தச் சுவர் அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெயின்ட் அடிக்க முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். பட்டன் காசைத் தொடுகிற பேச்சே இல்லை. குழுக் கடன் வாங்கினாள். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி வாங்கினால் மற்ற நாலு பேரும் அதற்கு ஜவாப்தாரி. வாரா வாரம் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால், மற்ற நாலு பேரும் அவள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். பணம் வருகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. 'உட்கார்றது' என்றாலே அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். ஒரு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் அப்புறம் அந்த வீட்டுக்காரி தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் ஒருவரும் தவறுவதில்லை. ஐந்து வீட்டுப் பெண்களும் ஒரு குழுவானார்கள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கடன் கம்பெனியிலிருந்து வசூல் மேடம் வருவார். கூட்டம் நடு வீட்டில், "டெய்லரக்கா வீடு நல்லா வெளிச்சமா இருக்கு" என்பதற்காக.

சுவர் மினுமினுத்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் வெயில் ஒரே இடத்தில் நிற்குமா? மாதம் மாறினால் சாய்மானம் மாறும். அடுத்த மாதம் அந்த வெளிச்சம் தரையின் நடுவில் விழுந்தது. சிமென்ட் தரை, மெஷின் கால் தேய்ந்த பள்ளம், விரிசலில் இறுகிப்போன நூல் பிசிறு. முட்டி போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. டைல்ஸ் போட்டாள், அம்பதாயிரம். அதற்கடுத்த மாதம் வெளிச்சம் வலது பக்கம் நகர்ந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் மர பெஞ்சில் ஏறியது. பெஞ்சு போய் சோபா வந்தது. அப்புறம் பீரோ. அப்புறம் ஜன்னல் சட்டம். அது எதைத் தொட்டதோ அது அன்றைக்கே பழசாகிப் போனது.

மற்ற நாலு வீட்டிலும் இதே கதைதான். பார்லர்காரி சுவர் பூராவும் நிலைக்கண்ணாடி பதித்து, மேலும் கீழும் போகிற நாற்காலி வாங்கினாள். மில்லுக்காரம்மா மாவுத் தூசி படிகிற வீட்டுக்குள் வெள்ளை சோபா வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். டீச்சரும் ஜெராக்ஸ்காரியும் சளைத்தவர்களா? ஒருத்திக்கொருத்தி கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்கள். யாராவது கேட்டால், "கேன்காரர் அளவுக்கு நாம எங்க போக? அவர் எங்க, நாம எங்க? வீடு பார்க்கற மாதிரி இருக்க வேண்டாமா, அவ்வளவுதான்" என்பார்கள். ஐந்து பேரும் இதையே, வார்த்தை மாறாமல் சொன்னார்கள்.

வேன்காரர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து வாசலிலேயே நின்றார். "என்னம்மா, வீடு மாறி வந்துட்டேனா? செருப்பை எங்க கழட்டறது, இங்கயா ரோட்டுலயா?"

"நக்கலா? உள்ள வாங்க."

"வர்றேன். ஒண்ணு கேக்கட்டுமா? ஒன்றரை வருஷமா எதிர்த்தாப்ல இருக்காங்களே, அந்த வீட்டுக்குள்ள ஒரு சாமான் போய் நீ பார்த்தியா?"

டெய்லரம்மா யோசித்தாள். கேன் வண்டி போகும், வரும். வேறொன்றும் ஞாபகம் வரவில்லை. "அவங்க பின்னாடி வழியா கொண்டு போவாங்களா இருக்கும்" என்றாள். பின்னாடி வழியே கிடையாது, சாக்கடைதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் செருப்பை வாசலிலேயே கழட்டிவிட்டு உள்ளே வந்தார்.

தெருவிலும் ஒரு மாதிரிதான் இருந்தது. நாலு மணிக்கு நடந்து போகிறவர்களுக்கு இரண்டு நிழல் விழும். மேற்கு வெயில் ஒரு நிழலைக் கிழக்கே போடும். கண்ணாடி வெயில் இன்னொன்றை மேற்கே, வீடுகளைப் பார்க்க நீட்டும். அந்த இரண்டாவது நிழல் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் நீளமாக, ஆள் வாசலைத் தாண்டிப் போகும்போது படியில் மடிந்து வீட்டுக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நாய்கள் அந்த நேரத்தில் தெருவில் படுப்பதை விட்டுவிட்டன. டெய்லரம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பினால், யாரோ பால் வாங்கப் போகிறவருடைய நிழல்.

தவணை கழுத்தை நெரிக்க ஆரம்பித்தது. பெயின்ட்டுக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, சோபாவுக்கும் பீரோவுக்கும் ஒன்று. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் தைத்தாள். பட்டன் கூலியைத் தனியாக எடுத்து வைப்பது நின்றது. ஆனால் இருந்த தொண்ணூறாயிரத்தைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொடாமல் இருந்தாள். மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த கடிதமும் வந்தது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கடிதத்தைக் கையில் வாங்கி டெய்லரம்மா கண்ணீர் விட்டாள். குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அழுதது அன்றைக்குத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பார்லர்காரி கூட்டத்துக்கு வரவில்லை.

நாலு மணிக்கு மேல் பத்து நிமிஷம் பார்த்தார்கள். வசூல் மேடம் நோட்டை மூடிவிட்டு, "வாங்க, உட்காரலாம்" என்றார். நாலு பேரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே சீப்புகள் வரிசையாக, துண்டுகள் மடித்து, நாற்காலி துடைத்து வைத்தபடி. ஆள் இல்லை. துணிமணி இருந்த அலமாரி மட்டும் காலி.

"அவ வந்துடுவா" என்றாள் மில்லுக்காரம்மா.

விதி விதிதான். உட்கார்ந்தார்கள். வெளிச்சம் வாசல் வழியாக வந்து நிலைக்கண்ணாடிகளில் அடித்து, அறை முழுக்கத் தெறித்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெளிறிப்போன பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லோரும் பணத்துக்குக் காத்திருந்தார்கள். மேஜை டிராயருக்குள் ஒரு செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. டீச்சர் திறந்து பார்த்தாள், பார்லர்காரியுடைய போன். வேறு ஏதோ கடன் கம்பெனி கூப்பிடுகிறது. போனையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றால் இனி வரப் போவதில்லை என்று ஐந்து பேருக்கும் புரிந்துபோனது. இருந்தும், வெளிச்சம் போகிற வரைக்கும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அவள் பாக்கி நாற்பத்தெட்டாயிரம். நாலாக வகுத்தால் தலைக்குப் பன்னிரண்டாயிரம், வாரத் தவணைக்கு மேல்படியாக. "அடுத்த வாரம் நாம யார் வீட்டுல உட்காரப் போறோம்?" என்று ஜெராக்ஸ்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள். 

அன்று ராத்திரி டெய்லரம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். பாயில் தூங்குகிற மாதிரிப் படுத்திருந்த மகள் இரண்டு தடவையையும் பார்த்துவிட்டாள்.

மகள் வாயாடி இல்லை. ஆனால் கண்ணிருக்கிற பெண். இந்த ஒன்றரை வருஷமும் எது வாங்குகிறார்கள், எப்போது வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள். அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்து, மறுநாள் காலையில் தெருவைக் கடந்து போய்க் கேன்காரர் வீட்டு மணியை அடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி மேல் ஏதோ ஒட்டினார்கள். கார் ஜன்னலில் ஒட்டுகிற மாதிரி சாம்பல் நிறத் தாள். பளபளப்பே இல்லாதது. மேலேயிருந்து கீழே வரை ஒரு கண்ணாடி விடாமல். செவ்வாய் நாலு மணிக்கு வசூல் மேடம் வந்து உட்கார்ந்து, "என்னம்மா, லைட்டைப் போடுங்க" என்றார்.

வெளிச்சம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி டெய்லரம்மா அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். காலையில் எழுந்து, "கழுத்துல இருந்து யாரோ எறங்கின மாதிரி இருக்குடி" என்று மகளிடம் சொன்னாள். பழையபடி குண்டூசியோடு ஜோக்கடித்தாள். மில்லுக்காரம்மா வெள்ளை சோபாவில் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தாள். தெருவில் எல்லோருக்கும் ஒற்றை நிழல். மகள் தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். பணம் கட்ட இன்னும் பதினேழு நாள்.

இது மூன்று நாள் இருந்தது.

நாலாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் வந்தார், பதினாறு பாவாடைகளைத் திருப்பித் தர. கருநீலப் பாவாடை, எல்லாம் கறுப்பு நூலில் தைத்திருந்தது. டெய்லரம்மா பிரித்துத் தைத்தாள். கண் தெரியவில்லை. மகள் கடைக்குப் போய் ஒரு பெரிய பல்ப் வாங்கி வந்து, மெஷினுக்கு மேலே தொங்கவிட்டாள். நூற்றைம்பது ரூபாய்தான். இழை இழையாகத் தெரிந்தது.

"போதுமாம்மா?"

"போதும், போதும்" என்றாள் டெய்லரம்மா. பாவாடை எல்லாம் சரியாக முடிந்தது. ஆனால் பல்ப் வெளிச்சம் துணி மேலேதான் விழுந்தது. சுவரின் பெயின்ட்டும் டைல்ஸும் இருட்டில் பழைய சுவராகவும் பழைய தரையாகவும் கிடந்தன. சோபா, வீடு காலி பண்ணிப் போனவர்கள் மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி மூலையில் கிடந்தது. இதற்கா? இதற்கா ராத்திரி பன்னிரண்டு வரை தைத்தோம்?  அளவு கொடுக்க வந்தவள் ஒருத்தி, "என்னக்கா, வீடு டல்லா இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலு மணி ஆனால் கை தானாக நின்றுவிடும். வாசலைப் பார்ப்பாள். எழுந்து போய்ப் படியில் நிற்பாள். ஒரு நாள் பக்கவாட்டில் திரும்பினால், மில்லுக்காரம்மாவும் தன் படியில் நிற்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் டீச்சர். இந்தப் பக்கம், பூட்டின பார்லரைத் தாண்டி, ஜெராக்ஸ்காரி. நாலு பேரும் சாம்பல் பூத்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்தரை வரைக்கும் நின்றார்கள்.  மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாளும். மகள் உள்ளேயிருந்து, "அம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். டெய்லரம்மாவுக்குக் காதில் விழாமல் இல்லை.

ஐந்தாம் நாள் நாலு பேரும், பேசி வைத்துக்கொண்ட மாதிரி, தெருவைக் கடந்தார்கள்.

கேன்காரரே கதவைத் திறந்தார். ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவர்கள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. பெரிய கூடம். பூசாத சுவர், தரையில் வெறும் சிமென்ட். சுவரோரம் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில். அவர் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து கேன் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கம்மா, உட்காருங்க. நாற்காலி ரெண்டுதான் இருக்கு" என்று அவர் தடுமாறினார். "வந்த பணம் பூரா இந்த முன்பக்கத்துக்கே போயிடுச்சு. காண்ட்ராக்டர் நல்லா ஏத்தி விட்டான். மேல ரெண்டு மாடியும் சும்மாதான் கிடக்கு, கதவுகூட வைக்கல."

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே நாலு பேருக்கும் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒன்றரை வருஷக் கடனும் அந்தக் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தால் சிரிப்பாய்ச் சிரிக்கும். ஆனால் டெய்லரம்மா கட்டிலைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கம் போய்விட்டாள். உள்ளேயிருந்து எதிர் வரிசை தெரிந்தது. தாள் ஒட்டியதால் எல்லாம் சாம்பலாக, ஐந்து பொந்து. நடுப் பொந்து அவளுடையது. திறந்த கதவுக்குள்ளே ஒன்றுமே தெரியவில்லை. சுவர் இல்லை, சோபா இல்லை, மெஷின் இல்லை. அங்கே யாரும் குடியிருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. 

"அண்ணே, அந்தத் தாளைப் பிரிச்சிடுங்க" என்றாள்.

"பிரிக்கணுமா? உங்க பொண்ணுதானேம்மா வந்து கேட்டுச்சு, வெயில் கூசுதுன்னு. ஐயோ, நம்மால இத்தனை நாள் கஷ்டமான்னு உடனே ஆளைக் கூப்பிட்டு ஒட்டிட்டேன். நீங்க முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே ஒட்டியிருப்பேனே."

"பிரிச்சிடுங்கண்ணே" என்றாள் மில்லுக்காரம்மா.

அவர் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அது பிரிக்கற தாள் இல்லம்மா. பசை கண்ணாடியோட ஒட்டிக்கும். பிரிச்சா கண்ணாடி பாழாப் போயிடும், புதுசுதான் மாத்தணும். முன்பக்கம் பூரா மாத்தினா மூணு லட்சத்து இருபதாயிரம். சத்தியமா என்கிட்ட இல்ல."

"நாங்க தர்றோம்" என்றாள் டெய்லரம்மா.

கேன்காரர் பெண்டாட்டி மூடி கழுவுவதை நிறுத்தினாள். "அக்கா, நீங்க ஏன் எங்க வீட்டுக்குக் கண்ணாடி போடணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாலு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்துக் கேன்காரருக்கே பயம் வந்துவிட்டது. தலையை ஆட்டினார்.

வகுத்தால் ஆளுக்கு எண்பதாயிரம். குழுவில் இனிமேல் ஒரு பைசா பெயராது என்று வசூல் மேடம் கையை விரித்துவிட்டார். மில்லுக்காரம்மா அரவை மெஷினை அடகு வைத்தாள். டீச்சர் நகையை வைத்தாள். ஜெராக்ஸ்காரி எங்கே புரட்டினாளோ தெரியாது. டெய்லரம்மா காலையில் மகள் குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்தவர், "பொண்ணு படிப்புக்காம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "ஆமாம்" என்றாள். நாக்கு ஒரு தடவைகூடக் குழறவில்லை.

கண்ணாடி வந்தது. மூன்று நாள் வேலை. பதினான்காம் தேதி மத்தியானம் கடைசிக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்கு வெயில் படியேறி உள்ளே வந்தது. டைல்ஸில் ஏறி, சோபாவில் ஏறி, சுவரில் போய் நின்றது. எல்லாம் பளிச்சென்று, அப்படியே, விட்ட இடத்தில் இருந்தது. டெய்லரம்மா படியில் போய் நின்று திரும்பித் திரும்பி உள்ளே பார்த்தாள். நாலு படியிலும் நாலு பெண்கள் நின்று அந்த வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டினார்கள்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் இடம் கிடைத்த கடிதம். நாளைக்குக் கடைசி நாள். எதிர் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பத்தாயிரம் இருந்தது.

"அம்மா, கேன்காரர்கிட்ட தாள் ஒட்டச் சொன்னது நான்தான். தெரியுமா?"

"தெரியும்டி. அவர் சொன்னார்."

"தெரிஞ்சுமா?"

டெய்லரம்மா வாயிலிருந்து குண்டூசியை எடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எடுத்தாள்.   அப்போதும் கண் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்டி கண்ணு. இப்ப வேலை நிறைய வரும் பாரு" என்றாள். தான் சொல்வதைத் தானே நம்பவில்லை.

மகள் அழவில்லை. கத்தவும் இல்லை. கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பீரோவில் வைத்து மூடினாள். பிறகு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பாதியில் நின்றிருந்த பாவாடையை எடுத்து ஊசிக்கடியில் தள்ளி, காலை வைத்து மிதித்தாள். வெளிச்சம் அவள் கையிலும் முகத்திலும் நீலமாக ஏறி நின்றது.

"நல்லாத் தெரியுதா?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.